நான்கு முறை திருப்தி

அச்சில் வந்தது பொய்யாக இருக்காது என்று நம்புகிறவர்கள் உலகத்தில் இன்னும் நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருத்தி பத்தொன்பது வருடமாக ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவளாக இருக்கிறாள் என்பதுதான் வேடிக்கை. தினமும் முப்பது நாற்பது பக்கம் அவள் கைவழியாகப் போகும். ஒற்று மிகுந்தால் கண்ணில் குத்தும். காற்புள்ளி விட்டுப்போனால் தூக்கம் வராது. ஆனால் எழுதியிருப்பது உண்மையா என்று பார்ப்பது அவள் வேலையில் சேராது, பார்த்ததும் இல்லை.

அவள் கணவர் லாரி டிரைவர். மூன்று வாரத்துக்கு முன்னால், ஏற்றிய சரக்கின் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து, தரைக்கு வந்து, தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் செய்து, இரண்டு மாதம் படுக்கையை விட்டு அசையக்கூடாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மலைப்பாதையில் பதினாலு சக்கர வண்டியைப் பின்னால் எடுக்கிற மனுஷர், இப்போது ஒருக்களித்துப் படுக்க மனைவியின் தோளைப் பிடித்தார். எல்லாம் படுக்கையிலேயே என்று ஆனதால் நாளுக்கு இரண்டு விரிப்பு மாற்ற வேண்டியிருந்தது. சில நாள் மூன்று. வீட்டில் இருந்தது மொத்தம் ஆறு.

அந்தத் திங்கட்கிழமை காலையில் வாஷிங் மெஷின் நாலு விரிப்பை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டது.

வட்டக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அழுக்குத் தண்ணீர் பாதி உயரத்துக்கு நின்றது. கதவு பூட்டிக்கொண்டு திறக்க மறுத்தது. மேலே ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் மாறி மாறிக் கண்ணடித்தன.

படுக்கையிலிருந்து டிரைவர் குரல் கொடுத்தார். "என்ன சத்தம் வருது?"

"உர்ருனு உறுமுது. அப்புறம் நின்னுடுது."

"அப்ப மோட்டாருக்கு உசுரு இருக்கு. தண்ணி போற வழியில ஏதோ அடைச்சிருக்கு. கீழ ஓரத்துல சின்னதா ஒரு பலகை இருக்கும் பாரு. அதைத் தள்ளினா உள்ள ஒரு மூடி. திருகித் திற."

அவள் திருகவில்லை. அலமாரியிலிருந்து உத்தரவாத அட்டையை எடுத்துவந்து நிதானமாகப் படித்தாள். "போட்டிருக்குங்க. 'நிறுவனத்தின் நிபுணர் தவிர வேறெவரும் இயந்திரத்தின் எப்பகுதியையும் திறக்கவோ, திருகவோ, தட்டவோ கூடாது. மீறினால் உத்தரவாதம் ரத்தாகும்.'"

"தட்டக்கூடவா கூடாது?"

"தட்டவோன்னு தெளிவா இருக்கு. பிழை ஒண்ணுகூட இல்ல."

"கட்டிக்குடுக்கற பொண்ணைக்கூட இவ்வளவு பத்திரமா எவனும் அனுப்பி வைக்க மாட்டான்" என்றார் டிரைவர்.

அட்டையின் அடியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. அதற்குப் பெயர் மகிழ்ச்சி மையம். இருபத்தைந்து நிமிடம் புல்லாங்குழல் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

"வணக்கம், மகிழ்ச்சி மையம். இன்னிக்கு நீங்க மகிழ்ச்சியா இருக்கீங்களா மேடம்?"

"இல்லம்மா. மெஷின்ல தண்ணி அப்படியே நிக்குது."

"'ஆமா'ன்னு சொன்னாத்தான் எனக்கு அடுத்த கேள்வி வரும் மேடம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, ஆமா."

"ரொம்ப சந்தோஷம். என்ன குறை, சொல்லுங்க."

சொன்னாள். படுக்கையில் இருக்கிறவரைப் பற்றியும், ஆறு விரிப்பில் நாலு உள்ளே மாட்டிக்கொண்டதைப் பற்றியும் சொன்னாள். அந்தப் பக்கத்தில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. "உங்க வருத்தத்தை நாங்க புரிஞ்சுக்கறோம்" என்றாள் பெண், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளைப் போல. "மூணு நாளைக்குள்ள உங்க புகார் முடிஞ்சிடும். இது எங்க கம்பெனி குடுக்கற வாக்கு."

மறுநாள் ஆய்வாளர் வந்தார். கையுறை போட்டிருந்தார். மெஷினைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். கண்ணாடி வழியாகத் தண்ணீரைப் பார்த்தார். கண்ணடிக்கிற எண்ணைப் பார்த்து, கையிலிருந்த பலகைக் கணினியில் எதையோ தேடி, ஒரு டாக்டரின் துயரத்தோடு நிமிர்ந்தார்.

"தண்ணி வெளியே போகல."

"அதைத்தானே சார் நான் போன்ல சொன்னேன்?"

"நீங்க சொன்னது குறை. நான் சொல்றது கண்டுபிடிப்பு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கும்மா. குறையை யாரு வேணும்னாலும் சொல்லலாம். இதுக்கு நான் எட்டு மாசம் பயிற்சி எடுத்திருக்கேன்."

"அப்ப சரி பண்ணிடுங்க சார்."

ஆய்வாளர் முகம் சுருங்கியது. யாரோ அவரைப் பாத்திரம் துலக்கச் சொன்னது போல இருந்தது. "நான் கண்டுபிடிக்கிற பிரிவு. சரி பண்றது வேற பிரிவு. கண்டுபிடிச்ச ஆளே சரியும் பண்ணினா, கண்டுபிடிச்சது சரியான்னு யாரு பாக்கறது?"

அவளை மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். சிரிக்கச் சொன்னார். சிரித்தாள். கை கழுவ வேண்டும் என்றார். கையுறையைக் கழற்றாமலே கழுவிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை காலை செய்தி வந்தது. 'உங்கள் புகார் திருப்திகரமாக முடிக்கப்பட்டது. எங்களுடன் மகிழ்ந்ததற்கு நன்றி.'

அவள் ஓடிப்போய் மெஷினைப் பார்த்தாள். தண்ணீர் அப்படியே இருந்தது. கொஞ்சம் பச்சை தட்டியிருந்தது. செய்தியை இன்னொரு தரம் படித்தாள். எழுத்துப் பிழை எதுவும் இல்லாததால் குழம்பிப்போனாள்.

"என்னங்க, முடிஞ்சுடுச்சுன்னு போட்டிருக்கு."

"அப்ப நான்தான் எழுந்து நடக்காம சோம்பேறித்தனமா படுத்திருக்கேன் போல" என்றார் டிரைவர். அவர் படுத்திருந்தது ஜன்னல் திரைமேல். வெளியே இருந்த இரண்டு விரிப்பையும் அவள் கையால் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். வருஷக்கணக்காகப் பேனா பிடித்து மணிக்கட்டு போய்விட்டது, பிழிய வராது. மழை வேறு பிடித்துக்கொண்டதால் அவை கொடியில் சொட்டிக்கொண்டே இருந்தன.

மறுபடி புல்லாங்குழல். மறுபடி மகிழ்ச்சியா இருக்கீங்களா. மறுபடி ஆமா.

"சரி பண்ணின மெஷின் முப்பது நாளைக்குள்ள பழுதாகாது மேடம்" என்றாள் பெண்.

"இது பழுதாகலம்மா. இன்னும் சரியே ஆகல."

"ஆயிடுச்சுன்னு எனக்குக் காட்டுதே." பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். முதல் முறையாக மனுஷக் குரல் கேட்டது. "அக்கா, தண்ணின்னு திரும்பச் சொன்னா எடுத்துக்காது. கதவு திறக்கலன்னு சொல்லுங்க. அது வேற நம்பர்ல போகும்."

கதவு திறக்கவில்லை என்று சொன்னாள். பொய்யும் இல்லையே.

சனிக்கிழமை கதவுப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் திறக்கிறவர். இன்னொருவர் அவர் திறப்பதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். திறக்கிறவர் கதவைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. பார்க்கிறவர், வரவில்லை என்று எழுதினார்.

"உள்ள தண்ணி இருந்தா கதவு திறக்காதும்மா" என்றார் திறக்கிறவர். "பாதுகாப்புக்காக அப்படிச் செஞ்சிருக்காங்க. கதவு நல்லா வேலை செய்யுது. அருமையான கதவு."

"அப்ப தண்ணிய எடுத்துடுங்களேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது நீர்ப் பிரிவு. அதுல ஒரே ஒருத்தர்தான். அவர் வரணும்னா ஒரு விதி இருக்கு."

"என்ன விதி?"

"கதவு திறந்திருக்கணும்."

உள்ளறையிலிருந்து டிரைவர் சிரித்தார். சிரித்ததில் தொடை வலித்து, அந்தச் சிரிப்பு பாதியில் முனகலாக மாறியது. பார்க்கிறவர் அதையும் குறித்துக்கொண்டார்: 'வாடிக்கையாளரின் குடும்பத்தினர் மகிழ்ச்சி தெரிவித்தனர்.'

அன்று மாலையே கதவுப் புகார் திருப்திகரமாக முடிந்தது. கதவில் குறையே இல்லை என்பதால் ஒரே நாளில் முடிந்துவிட்டது. இதற்காக இருவருக்கும் பாராட்டுக் கடிதம் போயிருக்கும்.

கதவுப் பிரிவு எழுதி அனுப்பியும் நீர்ப் பிரிவுக்காரர் வரவே இல்லை. ஆனால் திங்கட்கிழமை அவரிடமிருந்தும் செய்தி வந்தது. 'கதவு பூட்டியிருந்தது. ஆகவே பணி முடிந்ததாகக் கருதப்படுகிறது.' அவள் அன்று லீவு போட்டு நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தாள்; வாசல் கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. இரண்டாம் தரம் படித்தபோதுதான் விளங்கியது. பூட்டியிருந்ததாகச் சொன்னது வீட்டுக் கதவை அல்ல, மெஷின் கதவை. அதைக் கதவுப் பிரிவின் குறிப்பில் படித்துவிட்டு, அவர் இருந்த இடத்திலிருந்தே திரும்பிப் போயிருக்கிறார்.

மூன்று முறை திருப்தி அடைந்த பிறகு, செவ்வாய்க்கிழமை அவள் அச்சகத்துக்கு இன்னொரு அரைநாள் லீவு சொல்லிவிட்டு நேரிலேயே போனாள்.

கம்பெனி அலுவலகத்தின் நடுக்கூடத்தில் ஒரு மேடை. மேடைமேல் கண்ணாடிக் கூண்டு. கூண்டுக்குள் ஒரு புது மெஷின், மேலே விளக்கு வெளிச்சம். அதற்குக் குழாயும் இல்லை, மின் கம்பியும் இல்லை. எந்தக் காலத்திலும் பழுதாகாத மெஷின் அந்தக் கம்பெனியில் அது ஒன்றுதான். அதைச் சுற்றிப் போட்ட நாற்காலிகளில் முப்பது பேர் சீட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியில் மெஷினின் மேல்மூடி. ஒரு அம்மாள் கையில் வளைந்த குழாய், குழந்தையைப் போல. யாரும் யாரோடும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில்கூட இதைவிடக் கலகலப்பாக இருக்கும்.

மண்டல மேலாளர் அவளை உள்ளே கூப்பிட்டார். டை கட்டி, மடிப்புக் கலையாமல் இருந்தார். அவள் புகார் எண்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"உட்காருங்கம்மா. உங்க புகார் மூணும் கச்சிதமா முடிஞ்சிருக்கு. ஒண்ணுகூட நாள் தவறல."

"ஆனா மெஷின் ஓடல சார்."

"அது வேற விஷயம்" என்றார் மேலாளர், பெருந்தன்மையோடு. "ஒண்ணு புரிஞ்சுக்குங்க. நாலு வருஷத்துக்கு முன்னால நான் இங்க வந்தப்ப ஒரு புகார் முடிய சராசரியா பதினேழு நாள் ஆச்சு. இப்ப மூணே நாள். எப்படிச் செஞ்சீங்கன்னு வேற மண்டலத்துலேருந்து வந்து கத்துக்கிட்டுப் போறாங்க. ஒரு ரகசியமும் இல்ல. மூணாம் நாள் வந்துச்சுன்னா கம்ப்யூட்டர் தானா மூடிடும்."

"சரி பண்ணாமலேயா?"

"முன்னால நாங்களும் மெஷினைத்தான் பாத்துட்டு இருந்தோம். அதனாலதான் பதினேழு நாள் ஆச்சு. மெஷின்னா உள்ள மோட்டார் இருக்கு, பெல்ட் இருக்கு, பைப் இருக்கு, நூறு தொல்லை இருக்கு. புகார்ல என்ன இருக்கு? ஒரு நம்பர். மெஷினைச் சரி பண்ணினா ஒரு வீட்டுக்குத்தான் நல்லது. புகாரைச் சரி பண்ணினா கம்பெனிக்கே நல்லது. யோசிச்சுப் பாருங்க, எது பெரிய சேவை?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "என் வீட்டுக்காரர் ஜன்னல் திரைமேல படுத்திருக்கார் சார்."

மேலாளர் முன்னால் சாய்ந்தார். உண்மையான அக்கறை தெரிந்தது. "பருத்தியா?"

"ஆமா."

"அப்ப நல்லதுதான். பருத்தி உடம்புக்குக் குளிர்ச்சி."

இந்தச் சந்திப்பையும் அவர் ஒரு புகாராகப் பதிந்து, அவள் கண்ணெதிரிலேயே மூடினார். நாற்காலியை விட்டு எழுவதற்குள் அவள் கைப்பையில் செய்தி மணி அடித்தது. நான்காவது திருப்தி.

வீட்டுக்கு வந்தபோது, ஒருநாள் விட்டு ஒருநாள் காயத்துக்குக் கட்டு மாற்றவரும் நர்ஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா இது, முதுகுக்குக் கீழ செவந்து கிடக்கு. ஈரமும் சுருக்கமும் இருந்தா ரெண்டு நாள்ல தோல் உரிஞ்சிடும். புண்ணாச்சுன்னா ஆறவே ஆறாது, சொல்லிட்டேன். அதோட காலையிலேருந்து அவர் ஒண்ணுமே சாப்பிடலையாமே? தண்ணிகூடக் குடிக்கலையாம்."

அவள் உள்ளே போனாள். டிரைவர் சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

"ஏன் சாப்பிடல?"

"பசிக்கல."

"பொய் சொல்லாதீங்க."

சுவரைப் பார்த்தபடியே அவர் சொன்னார். "உள்ள போனாத்தானே வெளிய வரும். எத்தனை திரைதான் கழட்டுவ. நாளைக்கு உன் சேலையை விரிப்ப. உன் கை வீங்கிக் கிடக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் குரல் அப்படிக் கம்மி அவள் கேட்டதில்லை. அவள் சமையல்கட்டுக்குப் போய் ஒரு தட்டையான கரண்டியும், விளிம்பு உயர்ந்த தட்டும், பக்கெட்டும் எடுத்துக்கொண்டாள். மெஷினுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கரண்டிக் காம்பைக் கொடுத்து நெம்பியதும் ஓரத்துப் பலகை டப்பென்று விழுந்தது. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு மூடி இருந்தது.

"திருகப் போறேன்" என்று கத்தினாள்.

படுக்கையறையில் கட்டில் கிறீச்சிட்டது. "இடப்பக்கமாத் திருகு! முழுசாத் திறந்துடாத, வீடு ரொம்பிடும். கொஞ்சமா விடு, தட்டு நெறஞ்சதும் மூடு!"

மூடி சுலபத்தில் அசையவில்லை. துணியைச் சுற்றிப் பிடித்து, வலிக்கிற கையை விட்டுவிட்டு இடது கையால் திருகினாள். ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. ஒன்பது நாள் ஊறிய நாற்றம். மூக்கைப் புடவையால் கட்டிக்கொண்டு தண்ணீரைத் தட்டில் பிடித்தாள். தட்டு நிறையும், மூடுவாள், பக்கெட்டில் கொட்டுவாள், திறப்பாள். முப்பத்தோரு தட்டு. கடைசியில் சொட்டு நின்றதும் மூடியை முழுசாக உருவினாள்.

காயம் கட்டின பஞ்சும் வலைத்துணியும் பந்தாகச் சுருண்டு, ஒரு சட்டைப் பொத்தானோடு சேர்ந்து வழியை அடைத்துக்கொண்டு இருந்தது. விரலால் இழுத்தாள், வந்துவிட்டது. உள்ளே விரல்விட்டு அங்கிருந்த சின்னச் சக்கரத்தைத் தள்ளினாள். அது சுற்றியது. மூடியைக் கழுவிப் போட்டு இறுக்கினாள். எட்டு மாதப் பயிற்சி, நாலு நிபுணர், ஒரு மண்டலம் எல்லாம் சேர்ந்து செய்யாத வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதிலும் பெரும்பகுதி தட்டுத் தூக்கியதுதான்.

பொத்தானை அழுத்தியதும் மெஷின் உறுமியது. பிறகு வெளிக்குழாயில் சளசளவென்று மிச்சத் தண்ணீர் ஓடியது. கதவுப் பூட்டு 'டக்' என்று தானாகத் திறந்துகொண்டது. அவள் தரையிலேயே உட்கார்ந்து, கொஞ்சம் அழுதாள்.

"ஓடுதா?" என்றது உள்ளிருந்து குரல்.

"ஓடுது."

"ஒரு சொம்பு தண்ணி கொண்டா. தொண்டை வறண்டு போச்சு."

நாலு விரிப்பையும் மூன்று தரம் போட்டெடுத்தபின் நாற்றம் போனது. வெள்ளிக்கிழமை டிரைவர் வெள்ளை விரிப்பில் படுத்து, இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். கம்பெனி விடவில்லை. அடுத்த வாரம் மண்டல மேலாளரே நேரில் வந்தார். கூட ஒரு புகைப்படக்காரர், சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரம், ரிப்பன் கட்டிய ஒரு சோப்புத் தூள் பொட்டலம். ஒரே மாதத்தில் நான்கு முறை திருப்தி அடைந்த வாடிக்கையாளர் நாட்டிலேயே அவள் ஒருத்திதானாம். மற்றவர்கள் ஒன்று அல்லது இரண்டு திருப்தியோடு களைத்துவிடுகிறார்கள். ஆகவே அவள்தான் இந்த ஆண்டின் மிக மகிழ்ச்சியான வாடிக்கையாளர்.

"மெஷின் பக்கத்துல நில்லுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்த மேலாளர், பின்கட்டில் கால் வைத்ததும் நின்றுவிட்டார். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. "என்னம்மா, இது ஓடுது?"

"ஓடும் சார். வாஷிங் மெஷின்தானே."

"யாரு வந்தாங்க? எந்தப் பிரிவு?"

"யாரும் வரல. நான்தான் மூடியத் திறந்து அடைப்பை எடுத்தேன். உத்தரவாதம் ரத்துன்னா ரத்து பண்ணிக்குங்க."

மேலாளர் புகைப்படக்காரரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கிட்டத்தில் வந்து சொன்னார். "அதை வெளியில சொல்லாதீங்கம்மா. ரத்து பண்ணணும்னா உங்க மெஷின் பழுதா இருந்துச்சுன்னு நான் எழுதணும். நாலு தடவை இல்லைன்னு எழுதியாச்சே."

படம் எடுத்தார்கள். இந்தத் தரம் அவள் சிரிக்கவில்லை. எடுத்த பிறகு சிரிப்பைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் புகைப்படக்காரர், சாமானைச் சுருட்டிக்கொண்டு போனார்.

மேலாளர் மட்டும் போகவில்லை. டையைத் தடவினார். சோப்புத் தூள் பொட்டலத்தை இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு நகர்த்தி வைத்தார்.

"அம்மா… அந்த மூடின்னு சொன்னீங்களே. அது எந்தப் பக்கம்?"

"எதுக்கு சார்?"

"எங்க வீட்டு மெஷினும் இதேதான். மூணு வாரமாத் தண்ணி நிக்குது. வீட்டம்மா பேச்சை நிறுத்திட்டா. என் பேர்ல புகார் குடுத்தா அசிங்கம்னு அவ பேர்ல குடுத்தேன்."

"அப்புறம்?"

"மூணாம் நாள் மூடிட்டாங்க."

"யாரு மூடினது?"

மேலாளர் தரையைப் பார்த்தார். "நான்தான்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுகிற அளவுக்கு எதிரில் ஆள் இருப்பதாகத் தோன்றவில்லை. வீட்டில் பேச்சை நிறுத்திவிட்ட அந்த அம்மாள் முகம் தெரியாமல் மனசில் வந்து போனாள். மெஷின் சுற்றி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அவள் கரண்டியையும் தட்டையும் கொண்டுவந்து தரையில் வைத்தாள்.

"காட்டறேன். ஆனா நின்னுக்கிட்டுப் பாத்தா தெரியாது சார். கீழ வரணும்."

மேலாளர் முதலில் இடுப்பை வளைத்துப் பார்த்தார். தெரியவில்லை. முழங்காலை ஊன்றினார். டை ஈரத் தரையில் புரண்டது. அப்படியும் தெரியவில்லை. கன்னத்தைத் தரையில் ஒட்டவைத்து, கையை நீட்டி, மண்டலமே படுத்தது போலப் படுத்துவிட்டார்.

"இடப்பக்கம் திருகணும். மெதுவா" என்றாள் அவள்.

படுக்கையறைக் கதவு வழியாக டிரைவருக்கு இரண்டு பளபளப்பான ஷூக்கள் மட்டும் தெரிந்தன.

"யாரும்மா அது, தரையில விழுந்து கிடக்கறது?"

"கம்பெனிங்க" என்றாள் அவள்.